ஏழில் நிற்கும் முள்

பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் காதாலேயே வேலை பார்க்கிறார். மூலையில் இருக்கும் சின்ன ஜாக்கி பம்ப் உறுமிக் கிளம்பும், சில நொடியில் அடங்கும். அப்போது மட்டும் தலை நிமிரும். பிரஷர் கேஜில் முள் ஆறிலிருந்து ஏறி ஏழில் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பிவிடுவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை அது. வளாகத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் ஓடும் தீயணைப்புக் குழாயில் எந்நேரமும் ஆறேழு கிலோ பிரஷரில் தண்ணீர் நிற்கிறது. எங்காவது ஒரு வாஷர் கசிந்தால் ஜாக்கி ஈடுகட்டிவிடும். யாராவது ஹைட்ரன்ட்டைத் திறந்துவிட்டால் அதனால் தாங்க முடியாது. முள் சரியும், பெரிய மின்பம்ப் எழும். கரன்ட் போயிருந்தால் டீசல் பம்ப். இந்த இரண்டும் தானாகக் கிளம்புமே தவிர, தானாக நிற்காது. தீ அணைந்துவிட்டது என்று ஒரு முள்ளை நம்பி முடிவு செய்யக் கூடாது என்பதற்காக, நிறுத்துகிற வேலையை ஆளுக்கே விட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் பேனலில் உள்ள ஒரு திருகு சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால்தான் நடக்கும். மேனுவலில் கிடந்தால், லட்சக்கணக்கில் செலவழித்துப் புதைத்த குழாய் வெறும் குழாய். நடுராத்திரியில் கிளம்பித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மேனுவலுக்குத் திருப்பி வைக்கிற கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

வெளியே ஹைட்ரன்ட் தூண்கள் பளபளக்கின்றன. ஏப்ரலில் அடித்த பெயின்ட். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்ததில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்கும் வாரத்தில், எல்லா ஆலைகளும் சிவப்பைப் பூசிக்கொள்கின்றன. இந்தத் தூணில் வால்வு, ஹோஸ் மாட்டும் காது, மூடி, சங்கிலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பூச்சு. மூடிக்கும் காதுக்கும் இடையில் பெயின்ட் காய்ந்து பிடித்திருக்கிறது. பக்கத்துப் பெட்டிக்குள் ஹோஸ் சுருளோடு ஒரு விளக்குமாறு, ஒரு டிபன் பை.

உலைப் பக்கம் தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கும் இரும்புக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால், நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உருகிய உலோகத்தையே வாரி ஆட்கள் மேல் இறைக்கும். ஸ்கிராப் குவியலருகே ஒடிசா இளைஞர் ஒருவர் குந்தியிருக்கிறார். ஒரு பழைய ஷாக் அப்சார்பரை உருவி எடுத்து, குலுக்கி, காதருகே வைத்துப் பார்த்துவிட்டுத் தனியாக வீசுகிறார். மூடிய டப்பா ஒன்றும் அதே பக்கம் போகிறது. அடைபட்ட எதுவும் உலைக்குள் போனால் குண்டுதான். மழைக்காலத்தில் நனைந்து வரும் ஸ்கிராப்பும் அப்படியே. இந்த ஆலையின் முதல் தீத்தடுப்புச் சாதனம் அந்த இளைஞரின் காது என்பேன். எந்தத் தணிக்கைப் பட்டியலிலும் அது வராது. உலை மேடையில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்குகிறது. மணலும் காய்ந்திருக்க வேண்டும். ஒரு வாளியில் புகையிலை எச்சில்.

பேனல் அறையில் சிலிண்டர்கள். பழைய பாணியில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பினால் ஆக்சிஜன் குறைந்து தீ அணையும். உள்ளே மாட்டிய ஆளும் அணைந்துபோவார். அதனால்தான் முதலில் சைரன், பிறகு சில நொடி அவகாசம், அப்புறமே வாயு. ஒருகாலத்தில் ஹாலான் வாயு இருந்தது. ஓசோனை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாக ஒழிந்தது. இங்கே இருப்பது அதன் இடத்துக்கு வந்த எஃப்.எம்.-200. பத்து நொடிக்குள் அறையை நிறைத்து, தீயின் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஒரே நிபந்தனை, கதவு சாத்தியிருக்க வேண்டும். ஏ.சி. சரியில்லை என்று கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த தெரு கோடவுனில் ஸ்பிரிங்க்ளர். ஒவ்வொரு தலையிலும் சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்புத் திரவம். 68 டிகிரியில் திரவம் விரிந்து குமிழ் உடையும், தண்ணீர் கொட்டும். சினிமாவில் ஒருவன் லைட்டரைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை பெய்கிறதே, அது சும்மா. சூடு பட்ட தலை மட்டும்தான் திறக்கும். இந்தக் கோடவுனில் மூட்டைகள் குமிழைத் தொடும் உயரத்துக்கு ஏறியிருக்கின்றன. தண்ணீர் விரிய இடமில்லை.

எண்ணெய்த் தீக்கு இது எதுவும் போதாது. 2025 ஜூலை 13 விடியற்காலையில் டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம்புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. டீசல் தண்ணீரின் மேல் மிதக்கும். வெறும் தண்ணீரை அடித்தால் தீயும் சேர்ந்து ஓடும். நுரைதான் மருந்து. 97 பங்கு தண்ணீரில் 3 பங்கு நுரைத் திரவம் கலந்து அடித்தால், எண்ணெய் மேல் போர்வையாகப் படர்ந்து ஆவி எழாமல் அமுக்கும். பெயின்ட் கம்பெனிகளில் அதற்கும் ஒரு சிக்கல். ஆல்கஹால், அசிட்டோன் வகைக் கரைப்பான்கள் சாதாரண நுரையைத் தின்றுவிடும். அவற்றைத் தாங்கும் நுரை தனியாக வாங்க வேண்டும், விலையும் கூட.

இரண்டு மணி. பி ஷிப்ட் பையன் பம்ப் ஹவுஸுக்குள் வருகிறான்.

"அண்ணே, ஆட்டோவுலதான இருக்கு?"

"இருக்குடா. நீயும் ஒரு தடவை பாத்துக்கோ."

பார்க்கிறான். லாக் புக்கைப் பிரிக்கிறான். மணிக்கு ஒரு பிரஷர் எழுத வேண்டும். பக்கம் பக்கமாக ஏழு, ஏழு, ஏழு. புத்தகத்தின் முதல் பக்கங்களில் மட்டும் 6.2, 6.8, 6.4 என்று இருக்கிறது. அங்கே ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் அதிகாரியின் கையெழுத்து: 'ஏன் குறைகிறது? விளக்கம் தரவும்.' ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் முள் ஆடுவதுதான் முறை. அன்றைக்குப் பிறகு யாரும் அதை எழுதவில்லை.

பையன் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் சேர்த்தே ஏழு போடுகிறான். பிறகு டீசல் பம்ப் பக்கம் போய், குனிந்து, பேட்டரி வோல்டேஜைப் படித்து வந்து 25.1 என்று எழுதுகிறான். அந்தக் கட்டத்தில் இதுவரை சிவப்பு மை விழுந்ததில்லை.