தண்ணீர்த்துறைக்குத் துறை எங்கே?

சென்ற மார்கழியில் கானடாவிலிருந்து நம் பேரன் வந்திருந்தான். டொராண்டோவில் பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை. மார்கழி மாதத்தில் மயிலாப்பூருக்கு வருகிறவர்களுக்குச் சபாக் கச்சேரியும் அதன் கொல்லைப்புறத்துக் காண்டீனுமே போதும் என்பது நமது அபிப்பிராயம். அவனுக்கோ இரண்டும் ஒரே நாளில் திகட்டிவிட்டன. மூன்றாம் நாள் காலையில், காபியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நம்மிடம் வந்தான்.

"தாத்தா! நீங்கள் என்னைப்போல் சின்னப் பையனாக இருந்தபோது எங்கே ஓடம் விடுவீர்கள்?" என்று கேட்டான்.

கேள்வியின் காரணம் பிறகுதான் விளங்கிற்று. அவன் ஒவ்வொரு கோடையிலும் தாய் தந்தையருடன் அல்கான்குவின் பூங்காவுக்குப் போகிறானாம். பூங்கா என்றதும் பனகல் பார்க்கை நினைத்துவிடக் கூடாது. 1893-ல் ஏற்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். கனூ என்னும் சிறு ஓடத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டே ஓர் ஏரியைக் கடக்க வேண்டியது. பிறகு ஓடத்தைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்து அடுத்த ஏரியில் இறங்க வேண்டியது. வழியில் மூஸ் என்னும் மகா பெரிய மானைக் காணலாம். அந்தி வேளையில் லூன் என்னும் நீர்ப்பறவையின் ஓலத்தைக் கேட்கலாம்.

கனூ அத்தேசத்துப் பூர்வகுடிகளின் சொத்து. பூர்ஜ மரத்துப் பட்டையை உரித்து, வேரினால் தைத்து, பிசின் பூசி அதைச் செய்தார்கள். நம் முன்னோர் காச்மீரத்தில் ஏடெழுதிய பூர்ஜபத்திரமும் அந்த இனத்து மரப்பட்டைதான். நாம் அதில் சாஸ்திரம் எழுதினோம். அவர்கள் அதில் ஏறி ஆற்றைக் கடந்தார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. அல்கான்குவின் என்பது அந்த ஜனங்களின் பெயர். பெயரைப் பூங்காவுக்கு எடுத்துக்கொண்ட அரசாங்கம், நிலத்தைப் பற்றி அவர்களிடம் சம்மதம் பெறவில்லை. தலைமுறை தலைமுறையாக மனுச் செய்து வந்த அவர்களுடன், கொள்கை அளவிலான ஓர் உடன்பாடு 2016-ல்தான் கையெழுத்தாயிற்று.

இவ்வளவையும் கேட்டபின், "இந்த ஊரில் அதெல்லாம் கிடையாது, அப்பா" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனெனில் அது உண்மையும் அல்ல.

1950-களின் கடைசியில், நமக்கு ஆறேழு வயதிருக்கும்போது, மயிலாப்பூர்க் கால்வாயில் படகுகள் போவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய நீண்ட படகுகள். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கோலால் தள்ளுவார்கள். அதுவும் பலிக்காத இடத்தில் கரையோடு நடந்து கயிற்றால் இழுப்பார்கள். மாவலிபுரத்துக்குக் கால்வாய்ப் படகில் போய்வருவது ஒரு காலத்தில் சென்னைவாசிகளின் உல்லாசப் பிரயாணம்; பாரதிதாசனும் அதைப் பாடியிருக்கிறார். லஸ்ஸுக்கு அருகிலுள்ள தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்கு அப்பெயர் வந்ததும் கால்வாய்த் துறையினால்தான் என்று பெரியோர் சொல்வதுண்டு. இன்று அங்கே வாழைத்தாரும் வெற்றிலையும் உண்டு, துறையைத்தான் காணோம்.

அந்தக் கால்வாயின் சரித்திரமும் கேட்கத்தக்கது. 1806-ல் எண்ணூர்ப் பக்கத்தில் தொடங்கி, சிறுகச் சிறுக நீண்டு, ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரையில் சுமார் 420 கிலோமீட்டர் ஓடியது. நகரத்தின் நடுவே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக வந்த ஏழைகள் அரை வயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தார்கள். வெட்டி முடித்ததும், அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கானடாவில் ஜனங்களின் பெயரை வைத்துக்கொண்டு ஜனங்களை ஒதுக்கினார்கள். இங்கேயோ ஜனங்களின் உழைப்பை வைத்துக்கொண்டு அவர்கள் பெயரையே மறந்தார்கள். சுதந்திரம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும், பெயர் மாறவில்லை. 1960-களின் புயல்களுக்குப் பிறகு படகுகள் அருகின. 1997-ல் திருமயிலை வரை வந்த பறக்கும் ரயிலின் தூண்களுக்குக் கால்வாயே மனைக்கட்டாயிற்று.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லி என்ன பயன்? மறுநாள் விடியற்காலையில் அவனை அழைத்துக்கொண்டு அடையாற்றின் முகத்துவாரத்துக்கே போய்விட்டோம்.

வடகரையில் சீனிவாசபுரம், எதிரே ஊரூர்க் குப்பமும் பிரம்மஞான சபையின் தோப்பும், நடுவே, மீனவர்களுக்காக 1967-ல் கட்டி 1977 வெள்ளத்தில் உடைந்த பாலத்தின் மிச்சம். நீர் கறுத்திருந்தது, மணமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். ஆனால் சற்று நேரத்தில் கை தானாகக் கீழே இறங்கிற்று. சேற்றுத் திட்டில் பவளக்கால் உள்ளான்கள் நூல்போன்ற கால்களால் அளந்து நடந்தன. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடித்து, கல் விழுவதுபோல் நீரில் விழுந்தது.

வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்த வயோதிக மீனவர் ஒருவர், பையனின் ஆவலைக் கண்டு, "ஐயா, பையன் பயப்படமாட்டான்னா ஏறச் சொல்லுங்க" என்றார். சிறு படகு. பையன் பயப்படவில்லை, நாம்தான் பயந்தோம். அவன் துடுப்பை வாங்கி இரண்டு போடு போட்டதும், பெரியவர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "கத்துக்கிட்ட கை" என்று சிரித்தார்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்ததைக் காட்டி அவர் சொன்னார்: "இந்த வாய் அடைஞ்சா ஆறு செத்துடும், ஐயா. கடல் தண்ணி உள்ளே வந்து போனாத்தான் மடவைக் குஞ்சும் எறாக் குஞ்சும் ஏறும். அதை நம்பித்தான் கொக்கு நிக்குது. நானும் அதை நம்பித்தான் நிக்கறேன்."

இயற்கை நூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதுவே. மடவை கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து வளர்ந்து மீண்டும் கடலேகுகின்றன. ஏற்றமும் வற்றமும் நின்றால் நீர் தேங்குகிறது, மீன் குறைகிறது, பறவை வேறிடம் தேடுகிறது.

கழிமுகத்தை ஒட்டிய ஓடையில், குப்பை மேடாயிருந்த 58 ஏக்கரைச் சீர்திருத்தி, கண்டல் முதலியவற்றை நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். மெச்சத்தக்க காரியம்தான். ஆனால் மரத்தை நட்டுவிடலாம். நீரை அறிந்த மனிதனை நட முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு நகரத்தை மூழ்கடித்த நாட்களில், நம் மோட்டார் வண்டிகளெல்லாம் மிதந்தன. குப்பத்து மீனவர்களின் படகுகள்தான் தெருத் தெருவாக வந்து ஜனங்களை ஏற்றிச் சென்றன. அந்தப் படகில் ஏறியவர்களில் எத்தனை பேர், அதற்கு முன்னால் அவர்கள் கரையில் கால் வைத்திருப்பார்கள்?

கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலக் கடலோடி டாம்பியர் 1697-ல் வெளியான தம் நூலில் எழுதினார். இன்று உலகமெங்கும் அச்சொல் வழங்குகிறது. சொல்லைக் கொடுத்த கரையிலேயே அதைச் செலுத்தியவனுக்கு இடம் குறுகி வருகிறது.

கரையேறும்போது பேரன் மெதுவாக நம் காதில், "தாத்தா! இவர்தான் இந்தப் பூங்காவின் ரேஞ்சரா? தொப்பி ஏன் இல்லை?" என்றான். பெரியவர் காதில் விழுந்துவிட்டது. "தொப்பி குடுத்தா வேணாம்னா சொல்லப்போறேன், தம்பி?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நமக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இந்த ஆற்றுக்கு என்றைக்காவது ஒரு காவலரை நியமிப்பதானால், பரீட்சை வைக்க வேண்டியதில்லை. குப்பத்தில் போய் விசாரித்தாலே போதும். திரும்பும் வழியில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் பச்சைத் தேங்காய் இரண்டு வாங்கினோம். "இங்கே துறை எங்கே, தாத்தா?" என்று பையன் கேட்டான். கால்வாய் இருக்கும் திசையைக் கையால் காட்டினோம். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.