நிதிப் படிப்பும் நான் சொன்ன பதிலும்



உங்கள் பிள்ளைகளுள் எவரேனும் எம்.காம். அல்லது எம்.பி.ஏ. வகுப்பில் நிதித்துறையை எடுக்க விரும்பி, "இது மார்க்கத்தில் ஆகுமா?" என்று உள்ளூர் ஆலிமிடம் கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்கப்பட்டவர்களுள் நானும் ஒருவன். நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

2011-ஆம் ஆண்டு. எங்கள் மதரஸாவில் சிறுவயதில் ஓதி முடித்த பெண் ஒருவர், பி.காம். தேறிய பின் தம் தாயாருடன் என்னைக் காண வந்தார். எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. "ஹஜ்ரத், நிதி மேலாண்மை எடுக்கலாம் என்றிருக்கிறேன். வட்டிக் கணக்கெல்லாம் வரும். படிக்கலாமா?" என்று கேட்டார். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சிகள் இருவர் ஆகிய அனைவரையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் வரும் ஹதீஸை எடுத்துரைத்து, "எழுதுபவராக ஆகிவிட வேண்டாம், மகளே!" என்றேன். அஸர் பாங்கு சொல்லும் நேரம். பேச்சு ஐந்து நிமிடங்களில் முடிந்துவிட்டது. அவர் படிப்பில் சேரவில்லை. அடுத்த ஆண்டு திருமணமாகி, பக்கத்துத் தெருவிலேயே குடியேறினார்.

2019-ஆம் ஆண்டு எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், கடன் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மகனுடைய தொழிலுக்காகத் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் 1,00,000 ரூபாய் வாங்கியிருந்தார். "வருஷத்துக்கு 12 சதவீதம் என்றுதான் சொன்னார்கள், ஹஜ்ரத். அதிகமாகப் போவது போல் தெரிகிறதே" என்றார். வட்டி பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான். வரலாற்றில் பி.ஏ. பட்டமும் உண்டு. ஆயினும் அந்தக் காகிதத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழியின்றி அந்தப் பழைய மாணவியின் வீட்டிற்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து, பத்திரத்தின் நகலின் பின்புறத்திலேயே கணக்கிட்டுக் காட்டினார். வட்டி 12,000, ஆகவே 12 மாதங்களுக்கு மாதம் 9,333 ரூபாய் தவணை. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு இலட்சத்திற்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் அந்த அம்மையாரின் கையில் இருந்தது ஏறக்குறைய பாதிப் பணம்தான். ஆதலால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம்! "இதைக் கையெழுத்துப் போடுமுன் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்களே" என்று அந்த அம்மையார் சொன்னபோது, நான் அந்த மாணவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு 'இஹ்யா'வை எடுத்துப் புரட்டினேன். மருத்துவத்தையும் கணிதத்தையும் சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டிய ஃபர்ழு கிஃபாயாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் பாகப்பிரிவினைக்கும் கணக்கு வேண்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். இந்தப் பகுதியை நான் முன்னரும் படித்ததுண்டு. படித்து என்ன பயன்?

2021-ஆம் ஆண்டு, தொலைநிலைக் கல்வி வழியே எம்.பி.ஏ. நிதி மேலாண்மையில் நானே சேர்ந்தேன். என் மாணவர்களின் வயதையொத்த இளைஞர்களுக்கிடையே தொப்பியும் தாடியுமாகத் தேர்வுக்கூடத்தில் அமர்ந்ததை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கால்குலேட்டரில் அடுக்கு எண்ணை எப்படிப் போடுவது என்று பக்கத்தில் இருந்த தம்பியிடம்தான் கற்றேன், தேர்வு தொடங்குமுன்!

தொடக்கப் பாடமே 'பணத்தின் கால மதிப்பு'. இன்றைய நூறு ரூபாய் அடுத்த ஆண்டின் நூறு ரூபாயைவிட மதிப்பு மிக்கது என்பது அதன் சாரம். தவணை வியாபாரத்தில் ரொக்க விலையைவிடக் கூடுதலாக ஒரு விலையைப் பேசி முடிப்பதை ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர்; கடனாகிவிட்ட தொகையைக் காலத்திற்காகக் கூட்டுவதையோ தடுத்துள்ளனர். வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களைப் பற்றி அல்பகரா 275-ஆம் வசனம் பேசுகிறது. அவ்வசனத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். எதிர்த்தரப்பின் வாதம் எவ்வளவு வலுவாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் பாடத்தில்தான் கண்டேன்.

மற்றொரு பாடம் என் உறக்கத்தைக் கெடுத்தது. ஒரு நிறுவனம் கடன் வாங்கி வட்டி கொடுத்தால், அதைச் செலவாகக் கழித்த பிறகே வரி கணக்கிடப்படுகிறது. பங்குதாரருக்குக் கொடுக்கும் இலாபத்திற்கு அச்சலுகை இல்லை. எனவே கடனே மலிவான முதல் என்று புத்தகம் கற்பிக்கிறது. மோடிக்லியானி, மில்லர் எனும் இரு அறிஞர்கள் 1963-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக ஆராய்கிறது. இலாப நட்டத்தில் பங்கு கொள்ளும் முழாரபாவும் முஷாரகாவும் நம்மிடையே ஏன் வளரவில்லை என்று ஈமானின் குறையை மட்டுமே காரணம் காட்டிப் பயான் செய்துவந்தவன் நான். வரிச் சட்டத்தின் பங்கும் அதில் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

தேர்வுத்தாளில் வட்டி விகிதத்தை எழுதும்போது முதலில் கை கூசியது. என் உஸ்தாதிடம் கேட்டேன். வட்டி ஒப்பந்தத்தை எழுதி நிலைநாட்டுவது வேறு, அதனுள் இருப்பதை அறிவது வேறு என்றார்கள். இந்த வேறுபாட்டை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். படிப்பு ஆகும் என்பதால் அதன்வழி வரும் வேலைகள் அனைத்தும் ஆகும் என்று கூறவில்லை. கடன் பிரிவில் அமர்வதற்குமுன் கேட்டுத் தெளிவதே நல்லது. ஆனால் தணிக்கை, அடக்கவிலைக் கணக்கு, ஜகாத் கணக்கு, வக்ஃபுச் சொத்து நிர்வாகம் என்று ஆள் தேவைப்படும் இடங்கள் எத்தனை! மலேசியாவில் 2005-இல் இஸ்லாமிய நிதித்துறைக்கென்றே ஓர் உயர்கல்வி நிறுவனத்தை அந்நாட்டு மத்திய வங்கி தொடங்கியது.

2023-இல் தேறினேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த மாணவியின் வீட்டிற்குச் சென்று, அவர் கணவரும் தாயாரும் இருக்கையில், "2011-இல் நான் உனக்குச் சொன்னது அவசரத்தில் சொன்ன பதில், மகளே. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தேநீர் ஆறுகிறது, ஹஜ்ரத்" என்றார்.

மறு ஆண்டு அவரும் அதே படிப்பில் சேர்ந்தார். முதல் பருவத்தில் நிதி மேலாண்மைத் தாளில் என்னைவிடப் பதினொரு மதிப்பெண்கள் கூடுதலாகப் பெற்றிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.