பஞ்சடைத்த கண்டென்சரும் மூன்று ஆயில்களும்

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் நண்பரின் மின்சாரக் காரில் ஏசி குளிரவில்லை. ஓரிடத்தில் கேஸ் ஏற்றினார்கள், பலனில்லை. இன்னோரிடத்தில் கம்ப்ரஸரையே மாற்றவேண்டும் என்று பெருந்தொகை எழுதிக் கொடுத்தார்கள். "கோயமுத்தூர்ல ஒரு அண்ணன் இருக்கார், அவர்கிட்டக் காட்டிட்டு முடிவு பண்ணலாம்" என்று கிளம்பியவரோடு நானும் போனேன். பெட்ரோல் வண்டி ஏசியிலேயே காலம் கழித்த தொழிலாளிகள் இந்தப் புதிய வண்டிகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க ஆசை.

கோயமுத்தூர் சத்தி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அறுபதை நெருங்கும் மெக்கானிக், உதவிக்கு ஒரு பையன். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "ஏனுங்க, ஓடறப்ப குளிருதா, நிக்கறப்பவும் குளிருதா?"

"பைபாஸ்ல போனா நல்லா இருக்குதுங்கண்ணா. சிக்னல்ல நின்னா அனல்தான்."

"அப்பக் கம்ப்ரஸரை மாத்த அவசரப்படாதீங்க."

பெட்ரோல் காரில் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. சிக்னலில் எஞ்சின் மெதுவானால் அதுவும் மெதுவாகும். தேய்ந்த கம்ப்ரஸரின் குறை அங்கேதான் வெளிப்படும். மின்சாரக் காரில் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட பேட்டரி மின்சாரத்தில், வண்டி நின்றாலும் ஓடினாலும் வேண்டிய வேகத்தில் சுற்றும். ஓடும்போது குளிர்ந்து நின்றால் மட்டும் குளிர் போகிறதென்றால், முதலில் சந்தேகப்படவேண்டியது முன்னால் காற்றுப் பட்டு வெப்பத்தை வெளிவிடும் கண்டென்சரையும் அதன் ஃபேனையும்தான். ஒரே கேள்வியில் அவர் அங்கே வந்துவிட்டார்.

கேஜ் மாட்டினார். உயர் அழுத்த முள் 250 பிஎஸ்ஐ-யில் நிற்கவேண்டிய வெயிலில் 350-ஐத் தாண்டி ஏறியது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பையன் ஒரு மக் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றினான். முள் சரசரவென்று இறங்கியது, உள்ளே உட்கார்ந்திருந்த நண்பர் "வருதுங்கண்ணா, சில்லுனு வருது!" என்று கத்தினார். பம்பரைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளின் இடுக்கெல்லாம் பனியன் கம்பெனிப் பஞ்சு, மேலே மண், மெத்தை உறை மாதிரி ஒட்டியிருந்தது.

வேலை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் முதலில் கேஸ் ஏற்றிய கதையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "கூட ஆயிலும் விட்டாங்களா? என்ன ஆயில்?" நண்பருக்குத் தெரியவில்லை.

அந்த மெக்கானிக்கின் வாழ்க்கையையே மூன்று ஆயில்களில் சொல்லலாம். பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்தபோது அம்பாசிடருக்கு வெளியே வாங்கி மாட்டும் ஏசி. ஆர்-12 கேஸ், மினரல் ஆயில். ஓசோனை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே அந்தக் கேஸ் விலக, ஆர்-134ஏ வந்தது. கூடவே பேக் ஆயில். புதுக் கேஸில் பழைய ஆயில் கரையாது என்பதைக் கருகிய கம்ப்ரஸர்களைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டாராம், எந்த வகுப்பிலும் இல்லை. இப்போது மூன்றாவது, பிஓஇ. மின்சாரக் கம்ப்ரஸரில் ஆயில் மோட்டார் சுருளையே நனைத்துக்கொண்டு ஓடுவதால் அது மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. வழக்கமான பேக் ஆயில் கலந்தால் இன்சுலேஷன் இறங்கும். மின்கசிவைக் கண்டுபிடித்தால் வண்டி எச்சரிக்கை போட்டுக் கிளம்பவே மறுக்கலாம். "பத்து ரூபா ஆயில், லட்ச ரூபா வேலை வெச்சிரும்ங்க."

தவறான ஆயில் கலந்திருக்கிறதா என்று பார்க்க, இன்சுலேஷனை அளக்கும் மெகரை எடுத்தார். அதற்கு முன் 1000 வோல்ட் ரப்பர் கையுறையில் காற்றை அடைத்து, சுருட்டி அழுத்தி, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கினார். கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியக் காத்திருந்தார். மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்தபிறகே உயர் மின்னழுத்த ஆரஞ்சுக் கேபிளைத் தொட்டார். பையன் அவசரப்பட்டபோது, "கண்ணு, இது பன்னெண்டு வோல்ட் இல்ல" என்றார். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை வந்தது.

இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது. கேஸை உறிஞ்சியெடுத்து, பானெட் ஸ்டிக்கரில் இருந்த கிராம் கணக்குக்கு நிறுத்து ஏற்றினார். கண்டென்சரை அழுத்தம் குறைந்த தண்ணீரால் உள்ளிருந்து வெளியே கழுவினார். கம்ப்ரஸர் மாற்றவேண்டிய தேவையே இல்லை.

பஞ்சைத் துடைக்கவேண்டிய இடத்தில் முழுக் கம்ப்ரஸரை விற்கப் பார்ப்பது அநியாயம். விவரம் தெரியாத வாடிக்கையாளரின் பயத்தில் பணம் பண்ணுவது அது. எந்த ஆயில், எத்தனை கிராம், கோளாறு எண்ணுக்கு என்ன பொருள் என்பவை வெளியே கிடைத்தால் இவரைப் போன்றவர்களே நேர்மையான விலைக்கு வேலை செய்வார்கள். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த உரிமை சத்தி ரோட்டுக் கொட்டகைவரை வரவேண்டும். ஐடிஐ-களில் மாலை நேர வகுப்பாக உயர் மின்னழுத்தப் பாதுகாப்பை இவர்களுக்குக் கற்றுத்தரவேண்டும். கையுறையைச் சோதிக்கத் தெரியாமல் இந்த வண்டிகளில் கைவைக்கும் பையன்களின் உயிர் அதில் இருக்கிறது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஃபாஸ்ட் சார்ஜ் போட்டவுடன் குளிர் குறைந்தால் பதறாதீர்கள்; பல வண்டிகளில் அதே கேஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. ஆனால் யாராவது கேஸ் ஏற்ற வந்தால் என்ன ஆயில் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியில் கைவைக்க விடாதீர்கள்.