எந்த ஏற்றத்தாழ்வை அடக்குவது? பேஸ் கிதாருக்குக் கையால் கட்டும் கம்ப்ரெஸர்

பேஸ் கிதார் வாசிப்போர் தம் குழுவினரிடமிருந்து அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: சில சுரங்கள் இடியென விழுகின்றன, சில சுரங்கள் காணாமலே போய்விடுகின்றன. பழி விரல்மேல் விழுகிறது. ஆனால் விரல் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நான்கு தந்திகளும் நான்கு தடிமன் கொண்டவை. பிக்கப்பின் காந்தத்துக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி தந்திக்குத் தந்தி வேறுபடும். கழுத்தின் சில இடங்களில் மரமே அதிர்வின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றுக்கு மேலாக மனிதச் செவியின் இயல்பும் சேர்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சமஒலிப்பு வளைகோடுகள் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அதாவது, அங்கே சில டெசிபல் மாற்றம்கூடச் செவிக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது. பேஸ் கிதாரின் 'ஈ' தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்வது என்பதை நினைவிற்கொண்டால், இந்தக் கருவிக்குக் கம்ப்ரெஸர் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பது விளங்கும்.

கம்ப்ரெஸரின் வேலை எளியது. ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஒரு விகிதப்படி குறைப்பது. விகிதம் 4:1 என்றால், வரம்புக்கு மேல் 8 டெசிபல் எழும் சுரம் 2 டெசிபல் மட்டுமே எழும். ஒலிப்பதிவுக் கூடங்களில் 1960களிலேயே புகழ்பெற்ற டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ போன்ற கருவிகள் இதைச் செய்தன. 1970களில் எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் போன்ற சிறு பெடல்கள் மேடைக்கு வந்தன. ஆயினும் அத்தகைய பெடல்கள் பல, கிதாரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ்; பேஸ் கிதார் அதற்கும் ஓர் ஆக்டேவ் கீழே தொடங்குகிறது. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேளாமல் விடலாம் என்று வேறொருவர் வேறொரு கருவிக்காக எடுத்த முடிவுகளே கடையில் வாங்கும் பெட்டிக்குள் இருக்கின்றன. தாமே ஒன்றைக் கட்ட முனைபவர் முதலில் எதிர்கொள்வது இந்த முடிவுகளைத்தான்.

உள்வாயிலில் அமரும் ஒற்றை மின்தேக்கியையே எடுத்துக்கொள்ளலாம். 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அடுத்து 1 மெகாஓம் மின்தடை இருந்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். பேஸ் முழுமையாக உள்ளே வரும். அதே மின்தேக்கியை அடுத்து 100 கிலோஓம் மட்டுமே இருந்தால் அது 159 ஹெர்ட்ஸாகிவிடும். அப்போது 'ஈ' தந்தியின் அடிப்படை அதிர்வு, சுற்று தன் வேலையைத் தொடங்கும் முன்பே, நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சில ரூபாய்ப் பொருள்கள் இரண்டு ஒரு கருவியின் குரலையே தீர்மானிக்கின்றன.

முதன்முறை கட்டுவோர்க்கு ஏற்றது ஒளிவழிக் கம்ப்ரெஸர். எல்ஏ-2ஏ கையாண்ட தத்துவமும் அதுவே. வெளியேறும் ஒலியின் ஒரு பகுதி ஒரு விளக்கை எரிக்கிறது. விளக்கின் ஒளி, அதன்முன் இருக்கும் ஒளியுணர் மின்தடையின் மீது விழுகிறது. மின்தடை குறைய, ஒலியின் ஒரு பங்கு தரைக்கு வடிந்துபோகிறது. உரக்க வாசித்தால் விளக்கு பிரகாசிக்கிறது. பிரகாசிக்கும் விளக்கு உரத்த ஒலியைத் தணிக்கிறது. இதற்குத் தேவையானவை ஒரு டிஎல்072 ஆப்-ஆம்ப், 9 வோல்ட் மின்கலம், சில மின்தடைகள், மின்தேக்கிகள், டையோடுகள், ஓர் எல்இடி, ஓர் எல்டிஆர். பெங்களூரு எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவை அனைத்தும் கிடைக்கும். இருட்டியதும் தானே எரியும் தெருவிளக்கு என்று பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர் செய்துகாட்டுகிறார்களே, அதில் இருக்கும் எல்டிஆர்தான் இது.

எல்இடியையும் எல்டிஆரையும் எதிரெதிரே நிறுத்தி, வெப்பத்தால் சுருங்கும் கறுப்புக் குழாய்க்குள் அடைக்க வேண்டும். இங்கே கவனக்குறைவு உடனே காதில் கேட்கும். குழாயில் ஊசிமுனையளவு இடைவெளி இருந்தாலும், மூடி திறந்த நிலையில் பெடல் பகலில் ஒருவாறும் இரவில் ஒருவாறும் நடந்துகொள்ளும். சோக் பொருத்திய பழைய குழல்விளக்கின் கீழ் மெல்லிய ரீங்காரமும் எழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. 'ஜி' தந்தியின் 98 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் வந்து அமரும் இந்த ரீங்காரத்தைத் தந்தியின் கோளாறென்று எண்ணித் தேடுவோர் அலைய நேரும்.

அடுத்தது காலம். 41 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை எழுந்து விழ ஏறத்தாழ 24 மில்லி விநாடி ஆகும். கம்ப்ரெஸர் இதைவிட விரைவாகப் பிடித்து விடுவித்தால், ஒவ்வோர் அலையின் உருவையும் அது நெளித்துவிடும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். எல்டிஆரோ இயல்பிலேயே மந்தமானது. ஒளி நின்ற பின் பாதியளவு விரைவாக மீண்டு, எஞ்சியதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. வேறு சுற்றுகளில் குறையாக எண்ணப்படும் இந்தத் தயக்கமே பேஸுக்கு வாய்ப்பாகிறது.

இதுவரை சொன்னவை பொறியியல். அதற்குப் பின் வரும் கேள்வி இசையைச் சார்ந்தது. தரவைச் சமப்படுத்திப் பழகிய ஆய்வாளர்க்கு இது புதிதன்று. சமப்படுத்தல் இரைச்சலை நீக்கும். கவனிக்காவிட்டால் கண்டறிய வந்ததையும் சேர்த்தே நீக்கிவிடும். பேஸ் வாசிப்பில் மரத்தாலும் காந்தத்தாலும் வந்த ஏற்றத்தாழ்வு உண்டு. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் வாசிப்பவர் வேண்டுமென்றே விரலைத் தளர்த்தியதால் வந்த ஏற்றத்தாழ்வும் உண்டு. இரண்டும் சுற்றுக்கு ஒன்றே. மின்னழுத்தத்தின் உயரம், அவ்வளவுதான். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு கட்டுபவரிடமே எஞ்சுகிறது.

இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு உண்டு. அடக்கப்பட்ட ஒலியோடு அடக்கப்படாத ஒலியையும் கலந்துகொள்ள ஒரு திருகு வைப்பது. விரலின் தொடக்கத் தட்டு மூல ஒலியிலிருந்து வரும். தொடர்ந்து நிற்கும் உடல் அடக்கிய ஒலியிலிருந்து வரும். ஆனால் அடக்கும் பாதையில் ஆப்-ஆம்ப் அலையைத் தலைகீழாக்கியிருந்தால், கலக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். திருகை நடுவே வைத்ததும் பேஸ் மறைந்துவிட்டதெனில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கட்டி முடித்த பின் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. சற்றே உரத்த ஒலி செவிக்குச் சிறந்த ஒலியாகவே தோன்றும்; தன் கையால் செய்தது இன்னும் சிறந்ததாகத் தோன்றும். ஆகவே பெடலை இயக்கிய நிலையிலும் நிறுத்திய நிலையிலும் ஒலியளவு ஒத்திருக்குமாறு வெளியீட்டுத் திருகை முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு வாசிப்பவர் முகம் திருப்பிக்கொள்ள, நண்பர் ஒருவர் சொல்லாமல் சுவிட்சை மிதிக்கலாம். குழு முழுவதும் வாசிக்கும்போது இதைச் செய்வது நல்லது. எந்தச் சுரமும் காணாமற்போகாமல், விரல் தளர்ந்த இடத்தில் ஒலியும் தளர்ந்தால், சுற்று சரியாக அமைந்துவிட்டது. ஒலி எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக நின்றால், பெட்டியை மறுபடி திறந்து வரம்பைச் சற்று உயர்த்த வேண்டியதுதான்.