பால் வற்றிய பிறகு

ரப்பர் கட்டையை இழைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் தெரியும். புதிதாகச் சீவிய முகம் வெளிர் மஞ்சளாக இருக்கும். தேக்கில் காண்பதுபோல வைரம் வேறு, வெளிக்கட்டை வேறு என்று கண்ணுக்குப் பிரியாது. சில பலகைகளில் மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடும். பால் உறைந்த தடம் அது. மரம் அறுபட்டுப் பலகையான பின்னும் அந்தத் தடம் போவதில்லை.

பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டின் பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தை ஒட்டி, என் பட்டறை இருக்கிறது. ஒரு கனத்த மேசை, ஒரு பிடிகருவி, இழைப்புளி, உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம். செங்கால், மெராந்தி, நியாத்தோ என்று நல்ல மரங்களுக்கு இந்த நாட்டில் குறைவில்லை. ஆனாலும் நான் விரும்பி எடுப்பது ரப்பர் கட்டையைத்தான். என் பாட்டி நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டியவர்.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் சிலவற்றைக் கோலகங்சாரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்டார் என்பது நம் பிள்ளைகள் படிக்கும் வரலாறு. அவர் பெயர் பாடத்தில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, பிரட்டு என்னும் காலை வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் மரமாக நடந்தவர்களைப் பாடம் ‘தோட்டத் தொழிலாளர்கள்’ என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது.

அந்த மரத்துக்கும் நெடுங்காலம் மதிப்பு இருக்கவில்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறையும். மறுநடவுக்காக மரத்தைச் சாய்ப்பார்கள். சாய்ந்தது விறகாகும், கரியாகும். பிறையில் 1967இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலையின் ஊதுலை, ரப்பர் மரக்கரியைக் கொண்டுதான் இரும்பை உருக்கியது. மேசை, நாற்காலிக்கு இது ஆகாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். காரணமும் இருந்தது. இந்தக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் ஏறும். வண்டு துளைத்து மாவாக்கும்.

பிறகு வழி பிறந்தது. மரத்தைச் சாய்த்த உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றி, சூளையில் உலர்த்தினால் வண்டும் பூஞ்சணமும் அண்டாது. 1980களிலிருந்து மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதி இந்தக் கட்டையை நம்பித்தான் வளர்ந்தது. ஜொகூரின் மூவார் நகரம் அதனால் பெயர் பெற்றது. மரம் மாறவில்லை. அதற்குக் காட்டிய அக்கறைதான் மாறியது.

வீட்டில் செய்யத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது மணை. ஒரு பலகை, அடியில் குறுக்காக இரண்டு சட்டம், அவ்வளவுதான். ஆனால் மரத்தின் குணம் முழுவதும் அதில் தெரிந்துவிடும். பினாங்குக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. பலகை நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். குளிர்சாதன அறைக்குள் போனால் இன்னும் சுருங்கும். சட்டத்தை முழுநீளமும் பசையிட்டு ஒட்டினால், அசைய இடமில்லாமல் பலகை ஒருநாள் வெடிக்கும். அதனால் பலகையின் அடியில், உள்ளே அகன்று வாய் குறுகிய காடியை, சட்டத்துக்கு ஒன்றாக, வெட்ட வேண்டும். அதற்குப் பொருந்தச் சீவிய சட்டத்தை ஓரத்திலிருந்து மெல்லத் தட்டி ஏற்ற வேண்டும். பசை நடுவில் மட்டும், கொஞ்சமாக. பலகை தன் போக்கில் விரிந்து சுருங்கும். சட்டம் அது வளையாமல் பார்த்துக்கொள்ளும்.

காடியின் ஓரத்தை உளியால் சீவும்போதுதான் எனக்குப் பாட்டியின் வேலை புரிந்தது. பால்வெட்டும் கத்தி ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உட்பகுதியில். அதற்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம். வெட்டு ஆழம் குறைந்தால் பால் குறைவாகவே வரும். கூடினால் படலம் காயப்பட்டு, அடுத்து வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். இதை விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் செய்தார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நின்று யோசிக்கவும் நேரமில்லை. நான் ஒரு காடிக்கு மூலைமட்டம் வைத்து, கோடு கீறி, பகல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளும் கவனத்தை, அவர்களின் கை பழக்கத்தாலேயே பெற்றிருந்தது.

அதைக் கூலிவேலை என்றார்கள். அந்தப் பெயரை நாமும் ஏற்றுக்கொண்டு, பிள்ளைகள் அதிலிருந்து மீண்டால் போதும் என்றிருந்தோம். வறுமையிலிருந்தும் கங்காணியின் அதட்டலிலிருந்தும் மீண்டது நியாயம். ஆனால் கையில் இருந்த நுட்பத்தையும் சேர்த்துக் குறைவாக நினைத்துவிட்டோம். இதே ஜார்ஜ்டவுனில், லவ் லேனில், சீனத் தச்சர்கள் தங்கள் ஆதிகுரு லூ பானுக்குக் கோயில் கட்டி, சங்கத்தையும் அங்கேயே வைத்தார்கள். தொழிலைத் தாங்களே உயர்வாக எண்ணியவர்கள் அவர்கள்.

தோட்டங்கள் நிறைந்திருந்த பத்து காவானில் 2019 முதல் ஐக்கியா கடை நடக்கிறது. கடையில் வாங்குவதில் குறை எதுவும் இல்லை; எல்லோராலும் எல்லாவற்றையும் செய்துகொள்ள முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாமானாவது வீட்டார் கையால் ஆனதாக இருக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பலகையைப் பிடிக்கட்டும், உளியைத் தொட்டுப் பழகட்டும். பழுப்புக் கோடு என்ன என்று அவர்கள் கேட்கும்போது, தாத்தாவும் பாட்டியும் கூலிக்கு மரம் வெட்டினார்கள் என்று சொல்ல வேண்டாம். ஒன்றரை மில்லிமீட்டரில் கை நிறுத்தத் தெரிந்தவர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.