கழிவு போக எடை

2025ஆம் ஆண்டின் முதல் நாள் இரவு, கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கண்டமாண்டோ சந்தை தீப்பிடித்து எரிந்தது. மேலை நாடுகள் உடுத்திக் கழித்த துணி பொதி பொதியாக வந்து இறங்கும் சந்தை அது. ஒரு பொதி ஏறக்குறைய 55 கிலோ. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே வியாபாரிகள் காசைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தத் துணிக்கு அங்கே ‘ஓப்ரோனி வாவூ’ என்று பெயர். செத்துப்போன வெள்ளைக்காரரின் உடுப்பு என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான வியாபாரிகளின் பிழைப்பு ஒரே இரவில் போன செய்தியை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவில், மகள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி படித்தேன். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவளால் துணி எரிந்த செய்தியைச் சும்மா கடந்து போக முடியவில்லை. அந்தப் பொதிகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று மகளிடம் கேட்டேன்.

“கெளம்பற எடத்துல ஒண்ணு இந்த ஊர்லயே இருக்குதும்மா. வர்றியா?” என்றாள்.

குட்வில் நிறுவனத்தின் அவுட்லெட் அது. ஹில்ஸ்பரோ அடங்கிய போர்ட்லாந்து வட்டாரத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பின்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். தொட்டிகள் என்று நாம் சொல்லலாம். குட்வில்லின் கதை 1902இல் பாஸ்டனில் தொடங்கியது. எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், வசதியானவர்கள் வீடுகளில் பழைய துணியும் தட்டுமுட்டுச் சாமானும் சாக்கில் வாங்கிவந்து, வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டு விற்றார். கிடைத்த காசு அவர்களுக்கே கூலியானது. இன்றைக்கு அந்தந்த வட்டாரத்துக்கென்று தனித்தனி அமைப்புகளாக அது நடக்கிறது. மக்கள் இலவசமாகக் கொடுப்பது முதலில் குட்வில் கடைக்குப் போய் விலைச்சீட்டோடு தொங்கும். சில வாரங்கள் பார்ப்பார்கள். விற்காவிட்டால் இந்தத் தொட்டிக்கு வந்துவிடும். இங்கே விலைச்சீட்டு கிடையாது. பட்டுச் சட்டையோ கிழிந்த போர்வையோ, எல்லாம் ஒரே எடைக்கணக்கு. விலை ஊருக்கு ஊர் வேறுபடும். நான் போன அன்று துணி ஒரு பவுண்டு இரண்டு டாலரை ஒட்டி இருந்தது. பவுண்டு என்றால் நம் கணக்கில் 454 கிராம். ஓரிகனில் விற்பனை வரி இல்லாததால் எடைக்கு என்ன வருகிறதோ அதுதான் பில்.

நெல் மண்டி மாதிரி ஒரு பெரிய கொட்டகை. சக்கரம் வைத்த நீலத் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இடுப்பு உயரம், ஓர் ஆள் கைநீட்டிப் படுக்கும் நீளம். நான் உள்ளே நுழைந்தபோது ஒரு வரிசையைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த இடத்துக்கு நிறைந்த தொட்டிகள் உருண்டு வந்தன. ஐம்பது அறுபது பேர் இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். வரிசை முழுவதும் வந்து நின்று, பணியாளர் சைகை காட்டும்வரை யாரும் கைவைக்கக் கூடாது. அந்த இரண்டு மூன்று நிமிடம் அங்கே பேச்சே இல்லை. எல்லோருடைய கண்ணும் தொட்டியின் மேற்பரப்பில் தெரிகிற கைப்பிடி, காலர், ஷூவின் குதிகால் ஆகியவற்றின் மேல்தான். சைகை கிடைத்ததும் அத்தனை கைகளும் உள்ளே போயின.

சில்லறைப் பொருள்களின் பக்கம் நான் போகவில்லை. பீங்கான், புத்தகம், பொம்மை, மின்சாதனம் என்று தனித்தனியாகக் கிடந்தன. என் மனம் துணியைவிட்டு நகரவில்லை.

மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வழியாக ஓர் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் இங்கே வருபவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெக்ஸிகோவின் வஹாக்கா மாநிலத்துக்காரர். தாய்மொழி மிஷ்டெக், ஸ்பானிஷ் இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. எனக்கும் ஆங்கிலம் தயங்கித்தான் வரும் என்பதால், இருவரும் நிதானமாகப் பேசிக்கொள்ள முடிந்தது.

அவருடைய வலது கையில் தடித்த உறை இருந்தது. இடது கை வெறுங்கை. ஏன் என்று கேட்டேன். வலது கை தள்ளுவதற்கு. உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு எது வேண்டுமானாலும் உள்ளே கிடக்கும். இடது கை பார்ப்பதற்கு. ‘பார்ப்பதற்கு’ என்றுதான் சொன்னார். நான் கவனித்தேன். கண் எங்கோ இருக்கிறது, விரல்கள் குவியலுக்குள் நடக்கின்றன. பாலியெஸ்டர் பட்டதும் விலகுகின்றன. கம்பளி பட்டால் நிற்கின்றன. காஷ்மீர் ஆட்டு மயிர் ஸ்வெட்டர் என்றால் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதில் கணக்கும் இருக்கிறது. எடைக்கு வாங்கும்போது கனமில்லாததுதான் லாபம். ஜீன்ஸ் ஒன்று ஒன்றரைப் பவுண்டு இழுக்கும், தோல் ஜாக்கெட் அதைவிட அதிகம். பட்டும் காஷ்மீரும் காற்று மாதிரி.

ஒரு டீ-ஷர்ட்டை எடுத்துக் கீழ்மடிப்பைக் கட்டைவிரலால் உருட்டினார். ஒற்றைத் தையலா இரட்டைத் தையலா என்று பார்க்கிறார். 1990களின் நடுவுக்கு முந்தைய டீ-ஷர்ட்டுகளில் பெரும்பாலும் ஒற்றைத் தையல்தான். அது பழைய பாணி விரும்பிகளிடம் நல்ல விலைக்குப் போகும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிளாட்லாக் மிஷின் ஓட்டும் எந்தப் பெண்ணுக்கும் இந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனால் அதைப் பார்த்து வயது சொல்லலாம் என்று எனக்கு இந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்பு நாடாவில் ஐந்து ஆங்கில எழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தையது. எழுத்துப் படிக்காத தன் கை இதையெல்லாம் படித்துக்கொண்டது என்றார்.

லேபிள்களை நானும் திருப்பிப் பார்த்தேன். ஹோண்டுராஸ், பங்களாதேஷ், வியட்நாம், சீனா. ‘மேட் இன் இந்தியா’ என்று ஏழு கிடைத்தன. இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி எங்கள் ஊரில் தைக்கப்படுவது. ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்தேன். பிசிறு வெட்டியது சுத்தமாக இருந்தது. பிசிறு வெட்டும் வேலைக்கு வயதான பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி செய்த வேலையைக் கையில் வைத்திருந்தேன்.

அப்போது அந்த அம்மா “மெட்ராஸ்!” என்றார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கையில் ஒரு கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை. சிவப்பும் மஞ்சளும் கருநீலமும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருந்தன. விரலை நாக்கில் நனைத்து உள்மடிப்பில் தேய்த்தார். விரலில் சாயம் ஒட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே இந்தத் துணிக்குப் பெரும் மோகம் இருந்தது. சென்னைப் பக்கத்துக் கைத்தறித் துணி. துவைக்கத் துவைக்கச் சாயம் கசியும். சாயம் போவதைக் குறையென்று மறைக்காமல், ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். அந்த அம்மாவுக்கு ‘மெட்ராஸ்’ ஒரு துணியின் பெயர். அது ஓர் ஊர் என்றும், அந்த ஊர் இருக்கும் மாநிலத்திலிருந்துதான் நான் வருகிறேன் என்றும், 1996இல் ஊரின் பெயர் சென்னை என்று மாறிவிட்டதென்றும் சொன்னேன். சட்டையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு சட்டையை என் கையில் கொடுத்து, நூலைப் பார் என்றார். அறுபது வருஷம் கழித்தும் இழை விட்டுக்கொடுக்கவில்லை. நெய்தவர் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பு குறைவு.

நண்பகலில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் தங்கள் ஊர் உணவான தமாலே கொண்டுவந்திருந்தார், நான் புளிச்சோறு. அப்போது தன் கதையைச் சொன்னார். பதினேழு வயதில் அண்ணனோடு ஓரிகன் வந்தார். உட்பர்ன் பக்கத்துத் தோட்டங்களில் ஸ்ட்ராபெர்ரி பறித்தார், பிறகு புளூபெர்ரி, குளிர்காலத்தில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டும் வேலை. பழம் பறிப்புக்குக் கூலி பவுண்டுக் கணக்கு. வரப்போரத்தில் தராசு இருக்கும். தட்டைத் தூக்கிவைத்தால் தட்டின் எடை என்று கழிப்பார்கள், அழுகல் என்று கழிப்பார்கள், பனி ஈரம் என்றும் கழிப்பார்கள். எதிர்த்துக் கேட்டவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. முதுகெலும்பு தேய்ந்து குனிய முடியாமல் போனபின் ஒன்பது வருஷமாக இந்தத் தொட்டிகள்தான். “இங்கே குனிய வேண்டாம், தொட்டி இடுப்பு உயரம்” என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் அம்மா பல்லடம் பக்கம் பருத்தி எடுக்கப் போனவள். மடியில் கட்டி எடுத்துவந்து களத்தில் கொட்டினால் கிலோக் கணக்கில் கூலி. சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, கொட்டுக் கழிவு. ‘கழிவு போக எடை’ என்று பண்ணையக்காரர் சொல்லும்போது அம்மா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இங்கே கழிவு எனக்கு” என்றார். புரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். துணியோடு தள்ளுவண்டியை அப்படியே தரைத் தராசில் ஏற்றுகிறார்கள். வண்டியின் எடையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் காசு. வாழ்நாளில் தராசு தன் பக்கம் பேசியது இங்கேதான் என்றார். மெட்ராஸ் சட்டை தனியாக ஆறு அவுன்ஸ் இருக்கும். முக்கால் டாலர்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு சட்டை கிடைத்து, போர்ட்லாந்தில் பழைய பாணி உடைகள் விற்கும் கடையொன்றில் பதினைந்து டாலருக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அதே சட்டை கண்ணாடிக்குப் பின்னால் எண்பத்தைந்து டாலர் சீட்டோடு தொங்கியது. துவைத்ததும் பொத்தான் தைத்ததும் இவர்தான். இவருடைய மகன் கைப்பேசி வழியாக ஓர் இணையச் சந்தையில் விற்கிறான். அந்த இணையச் சந்தை ஒவ்வொரு விற்பனையிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருகிறது. தொட்டிக்குள் கைவிடாதவனுக்கு, கண்ணாடி கீறாதவனுக்கு எதற்கு இவ்வளவு பங்கு? மறுவிற்பனைக்காரர்கள் ஏழைகளுக்குப் போகவேண்டிய துணியைப் பறிக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அன்று நான் பார்த்த மறுவிற்பனைக்காரர்கள் ஏழைகளாகத்தான் இருந்தார்கள்.

பருத்தி செடியிலிருந்து இறங்கும்போது எடை. நூலும் எடை, திருப்பூரில் பின்னிய துணியும் எடை, வெட்டியபின் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டும் எடை. தைக்கிறவளுக்குப் பீஸ் ரேட் என்றாலும் அது சில்லறைக் காசு. கடையில் மாட்டியபின்தான் அது ‘ஒரு சட்டை’ ஆகிறது, அதற்கென்று ஒரு விலை வருகிறது. பிறகு உடுத்திக் கழித்ததும் மறுபடி எடை. எடைபோடும் இடத்திலெல்லாம் நிற்பவர்கள் கைவேலைக்காரர்கள். எண்ணி விற்கும் இடத்தில்தான் லாபம் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தொட்டியிலும் தேறாத துணி பின்கட்டுக்குப் போகிறது. வாடிக்கையாளர்கள் அங்கே போக முடியாது. பொதியாகக் கட்டி விற்றுவிடுவார்கள் என்று அந்த அம்மா சொன்னார். அமெரிக்கப் பொதிகள் கானாவுக்கும் குவாத்தமாலாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மட்டுமல்ல, நம் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்துக்கும் போகின்றன. அங்கே பெண்கள் உட்கார்ந்து மறுபடி ரகம் பிரிக்கிறார்கள். கம்பளித் துணி வெட்டிக் கிழிக்கப்பட்டு ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போய், நூலாகிப் போர்வையாகிறது. இதெல்லாம் மறுவாழ்வு கண்ட துணி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி 2018இல் அந்நாட்டில் கழிந்த துணி ஒரு கோடியே எழுபது லட்சம் டன். அதில் ஒரு கோடியே பதின்மூன்று லட்சம் டன் குப்பைமேட்டில் புதைந்தது.

மாலையில் கடைசி வரிசை வந்தபோது அந்த அம்மாவுக்கு ஒரு தொழிலாளர் பூட்ஸ் கிடைத்தது. நல்ல தோல், தேயாத அடிப்பாகம். வலது கால் மட்டும். நாற்பது நிமிடம் தேடினார். தொட்டி தொட்டியாகப் போனார், மற்றவர்களிடம் தூக்கிக் காட்டிக் கேட்டார். அவர்களும் தங்கள் குவியலைக் கிளறிப் பார்த்துக் கையை விரித்தார்கள். நானும் மகளும் தேடினோம். இடது கால் முந்தைய வரிசையோடு பின்கட்டுக்குப் போயிருக்கலாம். கடைசியில் அந்த வலது காலைத் தொட்டிக்குள்ளேயே மெதுவாக வைத்துவிட்டு வண்டியைத் தராசுக்குத் தள்ளினார்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு முறை வீடு மாற்றும்போதும் மூட்டை மூட்டையாகத் துணி கொடுக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். சட்டைப் பையில் ஊக்கு, பிளேடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு வெறுங்கை வரப்போகிறது. ஷூ கொடுத்தால் இரண்டின் நாடாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொடுங்கள்.