இமயமலை இடது பக்கம் வரும்!

டார்ஜிலிங், கேங்டாக் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஸ்வெட்டர், மாத்திரை டப்பா, முறுக்கு எல்லாம் தயார். டெல்லியிலிருந்து பாக்டோக்ரா போகும் விமானத்தில் எந்த சீட் என்று கேட்டால் மட்டும், "ஜன்னலோரமா கிடைச்சாப் போதும்" என்பார்கள். போதாது. அந்த இரண்டு மணி நேரப் பயணத்தில், ஒரு பக்க ஜன்னலில் உலகின் மிக உயர்ந்த சிகரங்கள் வரிசையாக வந்து நிற்கும். மறுபக்க ஜன்னலில் வயலும் வெயிலும்தான்.

கணக்கு ரொம்ப எளிது. டெல்லிக்குக் கிழக்கே இருக்கிறது பாக்டோக்ரா. வழி நெடுக இமயமலை வடக்கே இருக்கிறது. கிழக்கு முகமாக உட்கார்ந்தால் வடக்கு நம் இடது கைப்பக்கம். விமானத்தில் இடது ஓரம் எப்போதும் 'ஏ' சீட். திரும்பி வரும்போது மலை வலது பக்கம் போய்விடும். அப்போது 'எஃப்' வேண்டும். போகும்போது 'ஏ' சீட்டில் மலையைப் பார்த்தவர்கள், ராசியான சீட் என்று திரும்பும்போதும் அதையே வாங்கினால், இரண்டு மணி நேரம் கங்கைச் சமவெளியைப் பார்த்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

வடக்குப் பக்கத்துக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்கு ஜன்னல்காரர்கள் கண் கூசி திரையை இறக்கிவிடுவார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கீழே மேகம் இருந்தால், அதன்மேல் விமானத்தின் நிழலும், நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு குட்டி வானவில்லும் தெரியலாம். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கண் கொட்டாமல் தேடுவார்கள்.

சரி, 'ஏ' என்று முடிவாகிவிட்டது. எத்தனையாவது வரிசை? இந்த வழியில் பறப்பவை பெரும்பாலும் ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரியான விமானங்கள். இவற்றில் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கைதான் பாதி ஜன்னலை அடைத்துக்கொள்ளும். முதல் ஏழெட்டு வரிசைகள் நல்லது. பின்னால் என்றால் இறக்கை முடிந்து நாலைந்து வரிசை தள்ளி எடுங்கள். இறக்கைக்கு உடனே பின்னால் உட்கார்ந்தால், என்ஜின் விடும் சூடான காற்றில் காட்சி கானல்நீர் போல நெளியும்.

ஜன்னல் சீட் என்று காசு கொடுத்து வாங்கி, போய்ப் பார்த்தால் வெறும் சுவர் இருக்கும் கதையும் உண்டு. ஜன்னல்கள் சுமார் 20 அங்குலத்துக்கு ஒன்றாக விமானத்தின் உடம்பிலேயே அமைந்தவை. சீட்டுகளை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பது விமான நிறுவனத்தின் இஷ்டம். அதனால் இரண்டும் பொருந்தாமல் போகும். போயிங் 737-ல் இறக்கைக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒரு ஜன்னலே இருக்காது. ஏ.சி. காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது. 10, 11-ஆம் வரிசைப் பக்கம் 'ஏ' எடுப்பவர்கள் ஒரு முறை யோசிக்கவும்.

"சென்னையிலிருந்தே நேராகப் போனால் என்ன?" என்று கேட்கலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் தெற்கிலிருந்து வடக்கே போகும் விமானத்துக்குக் கஞ்சன்ஜங்கா நேர் எதிரே வரும். பைலட்டுக்கு நல்ல தரிசனம். நமக்கு விமானம் திரும்பும்போது ஓரமாகக் கொஞ்சம் தெரிந்தால் உண்டு. கொல்கத்தா வழியாகப் போனாலும் இதே நிலைமைதான். மலை பார்க்க டெல்லி வழிதான் வழி.

டெல்லியில் கிளம்பி அரை மணி நேரம் புழுதி மூட்டம் இருக்கும். அது விலகியதும் வடக்கே அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பலர் மேகம் என்று விட்டுவிடுவார்கள். மேகத்துக்கு ஓரம் மழுங்கியிருக்கும். அந்தக் கோட்டில் கத்தியால் சீவியது போல விளிம்பும் நிழலும் தெரிந்தால், அது மலை. முதலில் உத்தராகண்டின் நந்தாதேவி பக்கம். பாதி வழி தாண்டியதும் நேபாளத்தின் தவளகிரி, அன்னபூர்ணா. இரண்டுமே 8,000 மீட்டருக்கு மேல். நாம் பறப்பது பத்து, பதினோராயிரம் மீட்டர் உயரத்தில். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும், அவை கிட்டத்தட்ட நம் கண் மட்டத்திலேயே நிற்பது போலத் தோன்றும்.

விமானம் இறங்கத் தொடங்கும் நேரம்தான் முக்கியம். எவரெஸ்ட் வரும். உண்மையைச் சொன்னால், 8,849 மீட்டர் என்ற பேருக்கு ஏற்ற கம்பீரம் இங்கிருந்து தெரியாது. முன்னால் நிற்கும் லோட்சே, நுப்ட்சே மலைச்சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு முக்கோணம், அவ்வளவுதான். ஆனால் அடுத்து வரும் கஞ்சன்ஜங்கா அப்படியல்ல. 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது. தனியாக, அகலமாக, வீட்டுப் பெரியவர் மாதிரி உட்கார்ந்திருக்கும். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955-ல் முதன்முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர்கூட, கொடுத்த வாக்குக்காக உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள்.

இந்த சீட்டை வீட்டில் யாருக்குக் கொடுப்பது? மூட்டுவலி உள்ள அம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்பேன். டார்ஜிலிங்கில் டைகர் ஹில் சூரியோதயம் பார்க்க, விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து நடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏற வேண்டும். "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த ஜன்னல்தான் டைகர் ஹில். அடிக்கடி பாத்ரூம் போகவேண்டியவர்கள் என்றால் நடைபாதை சீட்டில் உட்கார வைத்து, கடைசி முக்கால் மணி நேரம் இடம் மாற்றிவிடுங்கள். சீட் பெல்ட் விளக்கு எரிவதற்குள் மாறிவிட வேண்டும்.

நாலு பேருக்கும் ஜன்னல் வாங்க வேண்டியதில்லை. ஒரு 'ஏ'வும் பக்கத்து சீட்டும் போதும், மாறி மாறிப் பார்க்கலாம். 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் வரும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பக்கத்தில் இடம் தரவேண்டும் என்று 2024-ல் டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் அது ஜன்னலாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் வரை, காலை விமானம் என்றால் தயங்காமல் கூடுதல் பணம் கட்டலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம்தான். இரவு விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் காசுக்கு டார்ஜிலிங்கில் நல்ல டீத்தூளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்து, போனை ஜன்னலுக்கு மிக அருகில் பிடியுங்கள். உள்ளே எரியும் விளக்கின் பிரதிபலிப்பு விழாது. பாக்டோக்ரா நெருங்கியதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். அது விமானப்படைத் தளம். தரையில் படம் எடுக்க அனுமதி இல்லை.